யந்திரப் பின்னலாடைக் கல்வி



தமிழ்நாட்டிலிருந்து வடக்கே வந்து குடியேறும் குடும்பத்தினர் முதல் ஆண்டிலேயே வாங்க நேரும் புதுப் பொருள்களுள் கம்பளிச் சட்டை ஒன்று. ஊரில் அதற்குத் தேவையில்லை. ஆகவே அதைப் பற்றிய அனுபவமும் நமக்கில்லை. விலை கொடுத்து வாங்கிய அச்சட்டையை, வேட்டியையும் சேலையையும் துவைப்பது போலவே வெந்நீரில் போட்டுக் கும்மி எடுத்து, காய்ந்த பிறகு அது மூன்று வயதுக் குழந்தைக்கும் போதாத அளவுக்குச் சுருங்கிக் கிடப்பதைக் கண்டு திகைத்து நின்ற தாய்மார்கள் நம்மிடையே பலர். ஆட்டு மயிரின் மேல் மீன் செதில் போன்ற நுண்ணிய அடுக்குகள் உண்டு. சூடும் ஈரமும் கசக்கலும் ஒருங்கே சேரும்போது அச்செதில்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு பின்னர் விடுவதில்லை. இதுதான் அந்த மாயத்தின் காரணம். துணிக்கும் ஒரு குணம் உண்டு, அந்தக் குணத்தை அறியாமல் அதனோடு பழக முடியாது என்பதை நம்மில் பலர் இப்படித்தான் முதன்முதலாக உணர்கிறோம்.

நான் பதினெட்டு ஆண்டுகளாக லூதியானா நகரில் பின்னலாடை வடிவமைக்கும் தொழிலில் இருந்து வருகிறேன். பிற மாநிலங்களில் வாழும் நம்மவர்கள் தங்கள் பிள்ளைகளை இத்துறையில் படிக்க வைக்கலாமா என்று அடிக்கடி என்னைக் கேட்கின்றனர். "படம் வரையத் தெரிந்தால் போதுமாமே?" என்றும் சிலர் கேட்பதுண்டு. போதாது என்பதே என் விடை. ஏன் போதாது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் நெசவுக்கும் பின்னலுக்கும் உள்ள வேற்றுமையை நினைவிற் கொள்ள வேண்டும். தறியில் பாவு நூல்கள் நெடுக இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். ஊடை நூல் குறுக்கே போய் வரும். இரண்டும் நேர்கோடுகள். ஆகையால் நெய்த துணி எளிதில் நீளாது. பின்னலிலோ நேர்கோடே கிடையாது. ஒரே நூல் வளைந்து வளைந்து கண்ணி கண்ணியாக ஓடி, ஒவ்வொரு கண்ணியும் தனக்குக் கீழே உள்ள கண்ணியின் வழியாகப் புகுந்து வெளிவருகிறது. இழுத்தால் கண்ணி நீண்டு கொடுக்கும். விட்டால் பழைய வடிவுக்குத் திரும்ப முயலும். நாம் குனிந்து நிமிரும்போது பனியன் உடலோடு ஒத்துப் போவதற்கும், மேலே தைத்து அணியும் பருத்திச் சட்டை இழுத்துப் பிடிப்பதற்கும் காரணம் இதுவே.

கையில் இரண்டு ஊசிகளைக் கொண்டு பின்னுவது மிகப் பழைய வழக்கம். அதை யந்திரத்துக்கு மாற்றியவர் இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம்ஷயரைச் சேர்ந்த கால்வர்ட்டன் என்னும் சிற்றூரில் வாழ்ந்த வில்லியம் லீ என்னும் பாதிரியார். 1589ஆம் ஆண்டு அவர் காலுறை பின்னும் சட்டம் ஒன்றை அமைத்தார். கையால் பின்னுவோர் ஒரு கண்ணி முடித்து அடுத்த கண்ணிக்குச் செல்வர். லீயின் சட்டத்திலோ ஒரு வரிசை முழுவதும் ஒரே முறையில் உருவாயிற்று. ஆயினும் எலிசபெத் அரசியார் அதற்குத் தனியுரிமை வழங்கவில்லை. கையால் பின்னிப் பிழைக்கும் ஏழைகளின் வாயில் மண் விழும் என்று அஞ்சினார் என்று கூறுவர். லீ பிரான்சு தேசத்துக்குச் சென்றார். அங்கே ஆதரவளித்த நான்காம் ஹென்றி மன்னர் 1610இல் கொலையுண்டார். லீயும் சில ஆண்டுகளில் வறுமையில் காலமானார். அவருக்குப் பின் அவருடைய தம்பி யந்திரங்களை மீண்டும் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். இன்று கணிப்பொறியால் இயங்கும் பின்னல் யந்திரங்களுக்கும் அந்தப் பாதிரியாரின் சட்டமே மூதாதை.

இவ்விடத்தில் 1811ஆம் ஆண்டு நாட்டிங்ஹாம்ஷயரில் எழுந்த கலவரத்தைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 'லட்டைட்டுகள்' எனப்பட்ட தொழிலாளர் இரவில் கூட்டமாகச் சென்று பின்னல் யந்திரங்களைச் சம்மட்டியால் உடைத்தனர். யந்திரம் என்றாலே அவர்களுக்கு வெறுப்பு என்று பாடப் புத்தகங்களில் படித்திருக்கிறோம். உண்மை அவ்வளவு எளிதன்று. உடைத்தவர்களும் யந்திரத்தில் பின்னிப் பிழைத்தவர்களே! முறையான காலுறை கண்ணி கூட்டியும் குறைத்தும் கால் வடிவிலேயே பின்னப்படுவது. சில முதலாளிகள் அகன்ற யந்திரங்களில் வெறும் பாளமாகத் துணியைப் பின்னி, அதைக் காலுறை வடிவில் கத்தரித்துத் தைத்து மலிவாக விற்றனர். வெட்டிய விளிம்பில் கண்ணி அவிழ்ந்து அவை சீக்கிரமே கிழிந்தன, தொழிலுக்கே கெட்ட பெயர் வந்தது, கூலியும் குறைந்தது. தொழிலாளரின் சினம் பெரிதும் அந்த அகன்ற யந்திரங்கள் மீது பாய்ந்தது. 1812இல் யந்திரம் உடைப்போருக்கு மரண தண்டனை விதிக்கும் சட்டம் வந்தபோது, கவிஞர் பைரன் பிரபுக்கள் சபையில் எழுந்து அதை எதிர்த்துப் பேசினார். சட்டம் நிறைவேறிவிட்டது என்பது வேறு.

வடிவிலேயே பின்னுவதா, பாளமாகப் பின்னி வெட்டித் தைப்பதா என்ற அந்தக் கேள்வி இன்றும் தீர்ந்தபாடில்லை. திருப்பூரில் உருளை யந்திரத்தில் குழாய்போல் இறங்கும் பருத்தித் துணியை வெட்டித் தைக்கிறார்கள். மெல்லிய நூலுக்கு அதுவே ஏற்ற வழி. லூதியானாவின் கம்பளிச் சட்டைகளில் உயர்ந்த ரகம், முன்புறம், பின்புறம், கைகள் என்று தனித்தனிப் பகுதிகளாக வடிவிலேயே பின்னப்பட்டுப் பின்னர் கண்ணிக்குக் கண்ணி இணைக்கப்படுகிறது. ஜப்பானில் வகயாமா நகரத்து ஷிமா செய்கி நிறுவனம் 1995ஆம் ஆண்டு மிலான் கண்காட்சியில், தையலே இல்லாமல் முழு ஆடையையும் ஒரே மூச்சில் பின்னி இறக்கும் யந்திரத்தைக் காட்டியது. கையுறை பின்னும் யந்திரத்தில் தொடங்கிய நிறுவனம் அது. ஐந்து விரல்களையும் தையலின்றிப் பின்ன முடியுமானால் இரு கைகளையும் ஓர் உடலையும் பின்ன முடியாதா என்பதே அதன் பின்னிருந்த எண்ணம். அழகான எண்ணந்தான், ஆயினும் எங்கள் ஊரில் இணைப்பு வேலை செய்து வாழும் பெண்களை நினைக்கும்போது, எலிசபெத் அரசியாரின் அச்சத்தை என்னால் முற்றும் ஒதுக்கிவிட முடிவதில்லை.

இனி யந்திரத்தின் உள்ளே சற்றுப் பார்ப்போம். மாத்யூ டவுன்சென்ட் என்னும் ஆங்கிலேயர் நாக்கு வைத்த ஊசிக்கு உரிமை பெற்றார். ஊசியின் தலையில் ஒரு கொக்கி. கொக்கிக்குக் கீழே திறந்து மூடும் ஒரு சிறு நாக்கு. ஊசி மேலே எழும்போது அதன் கழுத்தில் இருக்கும் பழைய கண்ணி நாக்கைத் திறந்துகொண்டு கீழே நழுவும். கொக்கியில் புது நூல் வந்து விழும். ஊசி கீழே இறங்கும்போது அதே பழைய கண்ணி நாக்கை மூடி, அதன் மேலேறித் தலையைத் தாண்டி விழும். புது நூல் அதன் வழியாகக் கண்ணியாக வெளிப்படும். எத்தனை எளிமை! ஊசிக்குத் தனி ஏவல் வேண்டாம். பழைய கண்ணியே கதவைத் திறக்கிறது, அதுவே மூடுகிறது. 1863இல் அமெரிக்காவில் ஐசக் லாம்ப் என்பவர் இத்தகைய ஊசிகளைக் கொண்டு தட்டை யந்திரம் ஒன்றை அமைத்தார். அவரும் பாதிரியாரே. பின்னலுக்கும் பாதிரிமாருக்கும் என்ன தொடர்போ, எனக்கு விளங்கவில்லை.

மாணவர் முதலில் கற்பது ஒற்றைப் படுகைப் பின்னல். 'சிங்கிள் ஜெர்சி' என்பது அதன் தொழிற்பெயர். பின்னலுக்குப் பெயர்போன ஜெர்சித் தீவிலிருந்து வந்த பெயர். நாம் அணியும் பனியன் இதுதான். முன்பக்கம் கூர்ந்து பார்த்தால் கோதுமைக் கதிர் போல் நிரை நிரையாகக் கண்ணிகள் தெரியும். பின்பக்கம் அலை அலையாக வளைவுகள் தெரியும். வெட்டியதும் இதன் விளிம்பு சுருளும்; மேலும் கீழும் முன்பக்கமாகவும், இரு பக்கங்களும் பின்பக்கமாகவும் சுருளும். அடுத்தது 'ரிப்'. இதற்கு எதிரெதிரே இரண்டு ஊசிப் படுகைகள் வேண்டும். ஜெடிடையா ஸ்ட்ரட் என்பவர் லீயின் சட்டத்தோடு இரண்டாவது ஊசி வரிசையைச் சேர்த்து 1759இல் இதற்கு உரிமை பெற்றார். முன் நிரையும் பின் நிரையும் மாறி மாறி வருவதால் ஒன்றின் சுருளலை மற்றொன்று தடுக்கிறது. ஆகவே ரிப் சுருளாது, குறுக்கே நன்றாக நீளும், பிறகு சுருங்கிக்கொள்ளும். கம்பளிச் சட்டையின் இடுப்பிலும் மணிக்கட்டிலும் கழுத்திலும் அதை வைப்பதன் காரணம் அலங்காரமன்று.

இவற்றோடு 'டக்', 'மிஸ்' என்று இரண்டு உண்டு. ஊசி பாதி மட்டும் எழுந்து, பழைய கண்ணியை விடாமலே புது நூலையும் வாங்கிக்கொண்டால் அது டக். துணி அகன்று தடிக்கும். ஊசி எழாமலே இருந்துவிட்டால் அது மிஸ். நூல் அதன் பின்னால் நேராக ஓடும், துணி குறுகி இறுகும். முழுக்கண்ணி, டக், மிஸ் என்னும் இந்த மூன்றைக் கொண்டு எண்ணற்ற துணிகளை ஆக்கலாம். நம் பெண்கள் இடும் புள்ளிக்கோலத்தில் புள்ளி சில, சுற்றும் வழி பலவாக இருப்பது போன்றதே இதுவும். மார்கழியில் வாசலில் கோலமிட்டுப் பழகிய பெண்ணுக்குக் கட்டத்தாளில் பின்னல் குறியீடு எழுதுவது கைவந்த கலையாக இருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

ஊசிகள் எவ்வளவு நெருக்கமாக நிற்கின்றன என்பதை 'கேஜ்' என்பார்கள். ஓர் அங்குலத்துக்குள் எத்தனை ஊசி என்ற கணக்கு. ஐந்து கேஜ் யந்திரம் தடித்த கம்பளிக்கு. பன்னிரண்டு கேஜ் மெல்லிய கம்பளிக்கு. திருப்பூரின் உருளை யந்திரங்களில் இருபத்துநான்கு கேஜில் முப்பதாம் நம்பர் பருத்தி நூல் ஓடுவது வழக்கம். நூலும் கேஜும் ஒத்துப் போகாவிட்டால், மெல்லிய நூல் வலைபோல் தொளதொளக்கும். தடித்த நூல் ஊசியை உடைக்கும். மாணவர்கள் எழில்மிக்க படத்தை வரைந்து கொண்டுவருவார்கள். "இதை எந்த யந்திரத்தில், எந்த நூலில் பின்னப் போகிறாய்?" என்று கேட்டால் விழிப்பார்கள். விடை தெரிந்த பிறகு வரைந்த படம் வேறு விதமாக இருக்கும்.

நூலின் முறுக்கு மற்றொரு விஷயம். நூற்கும்போது ஏறிய முறுக்கு அவிழ முயன்றுகொண்டே இருக்கும். பின்னலில் கண்ணிகள் தளர்வாக இருப்பதால் அவை மெல்லச் சாயும். பனியனை நாலைந்து முறை துவைத்த பின் பக்கத்துத் தையல் திருகி வயிற்றுப் பக்கம் வந்துவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். தைத்தவர் மேல் பழி போடுவோம்; பெரும்பாலும் பழி நூலைச் சேரும். இரட்டை நூலாக எதிர்த்திசையில் முறுக்கிச் சேர்த்தால் இது தணியும்; செலவு கூடும். மலிவுக்கும் நேர்மைக்கும் நடுவே நாள்தோறும் இப்படி ஒரு வழக்கு நடந்துகொண்டே இருக்கிறது. வடிவமைப்பாளர் அதில் சாட்சி மட்டுமல்லர்.

இவற்றையெல்லாம் நான் கல்லூரியில் படித்தவள்தான். தேர்வில் நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். வேலைக்குச் சேர்ந்த முதற் குளிர்காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரு பள்ளிக்கூடத்தின் மேல் வகுப்பு மாணவர்களுக்கு 240 கருநீலக் கம்பளிச் சட்டைகள் வேண்டுமென்று நான் வேலை பார்த்த இடத்துக்கு உத்தரவு வந்தது. பன்னிரண்டு கேஜ் யந்திரம். நீளம் 64 சென்டிமீட்டர், ஒரு பக்கத்து அகலம் 50 சென்டிமீட்டர். வழக்கப்படி முதலில் ஒரு மாதிரித் துண்டைப் பின்னி, பத்து சென்டிமீட்டரில் எத்தனை கண்ணி, எத்தனை வரிசை என்று எண்ணி, அதைக் கொண்டு முழு ஆடைக்கும் கணக்கிட வேண்டும். யந்திரத்தை இயக்கும் முதியவரை எல்லோரும் மாஸ்டர்ஜி என்று அழைப்போம். 1947இல் மேற்குப் பஞ்சாபிலிருந்து வெறுங்கையோடு வந்த குடும்பத்தில் பிறந்தவர். மாதிரித் துண்டு இறங்கியதும் நான் அளவு நாடாவை எடுத்தேன். அவர், "துணி தூங்கி எழட்டும், பேட்டி" என்றார். பேட்டி என்றால் மகளே என்று பொருள். அவசர வேலை, லாரி மூன்றாம் நாள் புறப்பட வேண்டும். வயதானவரின் வழக்கமான நிதானம் என்று எண்ணி நான் அப்போதே அளந்தேன்.

பத்து சென்டிமீட்டரில் 52 கண்ணிகள், 64 வரிசைகள். அகலத்துக்கு 260 கண்ணி, நீளத்துக்கு 410 வரிசை என்று அளவுத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டேன்.

நான் மறந்தது இது. பின்னப்படும்போது துணியின் அடியில் எடை தொங்குகிறது. அது துணியைக் கீழே இழுத்துப் பிடிக்கிறது. யந்திரத்திலிருந்து இறங்கியதும் கண்ணிகள் இழுத்த நிலையிலேயே இருக்கும். ஒரு நாள் கிடந்து, பின் நீரில் நனைந்து உலர்ந்தால்தான் அவை தம் இயல்பான வடிவுக்குத் திரும்பும். நீளம் குறையும், அகலம் கூடும். அதே மாதிரித் துண்டைத் துவைத்து உலர்த்திய பின் எண்ணியிருந்தால் பத்து சென்டிமீட்டரில் 50 கண்ணிகளும் 70 வரிசைகளும் இருந்திருக்கும். அந்தக் கணக்கின்படி நான் எழுதிய 410 வரிசை 64 சென்டிமீட்டர் ஆகாது, 58½ தான். முதல் நாற்பது சட்டைகள் இணைக்கப்பட்டுச் சலவை முடிந்து மேசைக்கு வந்தபோது, ஐந்தரை சென்டிமீட்டர் குட்டையாகவும் இருபுறமும் சற்று அகன்றும் இருந்தன. சட்டையைக் கையில் எடுத்தவுடனேயே எனக்குப் புரிந்துவிட்டது. வயிறு கலங்கியது.

நிர்வாகி யந்திரம் ஓட்டியவர்களின் கூலியில் பிடித்துக்கொள்ளலாம் என்றார். அவர்களுக்கு உருப்படிக் கணக்கில்தான் கூலி. பிடித்தால் அந்த மாதம் வீட்டு வாடகைக்கும் இராது. மாஸ்டர்ஜி ஒன்றும் சொல்லவில்லை. "நான் சொன்னேன்" என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்திருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும். அளவுத்தாளில் இருப்பது என் கையெழுத்து, பிழை என்னுடையது என்று நான் எழுதிக் கொடுத்தேன். இரண்டு மாதச் சம்பளத்தில் பாதி போயிற்று. அதைப் பெருந்தன்மையாகக் கருத வேண்டாம். எழுதிக் கொடுப்பதற்கு முன் ஒரு மணி நேரம் தண்ணீர்க் குழாயருகே நின்று, எழுதாமல் தப்ப வழியுண்டா என்று யோசித்தேன்.

மீதி இருநூறு சட்டைகளின் பகுதிகள் இணைக்கப்படாமல் அடுக்கில் இருந்தன. நெய்த துணியாக இருந்தால் அவ்வளவும் வீண். பின்னலுக்கு ஒரு வரம் உண்டு: கடைசியாகப் பின்னிய வரிசையிலிருந்து இழுத்தால் நூல் அவிழ்ந்து வந்துவிடும். தோளிலிருந்து கைக்குழி வரை ஒவ்வொன்றையும் அவிழ்த்து, கண்ணிகளை மறுபடி ஊசிகளில் ஏற்றி, உடலில் குறைந்த வரிசைகளைச் சேர்த்து, பிறகு கைக்குழியையும் தோளையும் திரும்பப் பின்னினோம். திருத்திய கணக்குப்படி மொத்தம் 448 வரிசை. அதாவது 38 கூடுதல். கைகளுக்கும் இதே வேலை. அவிழ்த்த நூல் நெளிநெளியாகச் சுருண்டிருக்கும். ஆவி காட்டி நேராக்கிய பிறகே மீண்டும் பின்னலாம். மூன்று இரவுகள் யாரும் சரியாக உறங்கவில்லை. திரும்பச் செய்த வேலைக்குக் கூலி கொடுக்கப்பட்டது. என் சம்பளத்தில் போன பாதி அதற்குத்தான். அகலத்தில் கூடியதைப் பள்ளிக்கூடத்தார் பொருட்படுத்தவில்லை. பிள்ளைகள் வளர்வார்கள் அல்லவா! சலவை ஆகிவிட்ட நாற்பதின் இழைகள் ஒன்றோடொன்று பற்றிக்கொண்டுவிட்டதால் அவை அவிழவில்லை. நடைபாதைக் கடைக்காரர் ஒருவர் அடிமாட்டு விலைக்கு அள்ளிக்கொண்டு போனார்.

இணைப்பு வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. வட்டமான தட்டின் விளிம்பில் முட்கள் நெருக்கமாக நிற்கும். முன்பகுதியின் ஒரு கண்ணி, பின்பகுதியின் ஒரு கண்ணி என்று ஒரே முள்ளில் இரண்டையும் மாட்ட வேண்டும். அடுத்த முள்ளில் அடுத்த இரண்டு. ஒரு கண்ணி தவறினாலும் அங்கிருந்து ஓட்டை ஓடும். கருநீல நூலில் மாலை விளக்கொளியில் இதைச் செய்வது கண்ணைக் கெடுக்கும் வேலை. வடிவமைப்புப் படிப்பவர் எவரும் ஒரு வாரமாவது அந்தத் தட்டின் முன் உட்கார வேண்டும் என்பது என் கருத்து. அதன் பிறகு தேவையற்ற இணைப்பு ஒன்றைப் படத்தில் வரையக் கை எழாது.

சாயத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். திருப்பூரின் சாயப்பட்டறைக் கழிவு நொய்யல் ஆற்றை என்ன செய்தது என்பதை நம்மவர் அறிவர். ஒரத்துப்பாளையம் அணை, உழவுக்கு நீர் தேக்கக் கட்டியது, சாயநீர் தேங்கும் இடமாயிற்று. 2011ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரை வெளிவிடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் ஏற்பாடுகளுக்குப் பிறகே தொழில் மெல்ல மீண்டது. லூதியானாவில் புட்டா நாலா என்னும் ஓடைக்கும் நல்ல கதி வாய்க்கவில்லை. பருத்தியில் ஆழ்ந்த கறுப்பும் செக்கச் சிவப்பும் ஏற்ற உப்பும் சாயமும் மிகுதியாக வேண்டும். ஏறாத சாயத்தைப் போக்கப் பலமுறை அலச வேண்டும். வண்ண அட்டையில் விரல் வைத்து "இந்த நிறம்" என்று சொல்கிறவர் ஆற்றங்கரையில் நிற்பதில்லை. ஆயினும் ஆற்றின் நிறத்தில் அவருக்கும் பங்குண்டு.

எங்கே படிப்பது என்ற கேள்விக்கு வருவோம். 1961இல் ஆமதாபாத்தில் தொடங்கப்பெற்ற தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் துணி வடிவமைப்பு தனித்துறையாக நடைபெறுகிறது. அந்நகரில் 1949 முதல் உள்ள காலிகோ துணி அருங்காட்சியகமே ஒரு தனிக் கல்லூரிக்குச் சமம். 1986இல் டில்லியில் தொடங்கிய தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனம் பின்னலாடை வடிவமைப்புக்கென்றே நான்காண்டுப் பட்டப்படிப்பைச் சென்னை உள்ளிட்ட நகரங்களில் நடத்துகிறது. திருப்பூரிலும் பின்னலாடைக்கென்று கல்லூரி உண்டு. நுழைவுத் தேர்வில் ஓவியமும் கேட்பார்கள், கணக்கும் கேட்பார்கள். கணக்கில் வெறுப்புள்ள பிள்ளையை இத்துறைக்கு அனுப்பாதீர்கள் என்று நான் வெளிப்படையாகவே சொல்லிவிடுவேன். பெற்றோர் சிலருக்கு வருத்தம், என்ன செய்வது?

பிற மாநிலத்தில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதில் ஓர் அனுகூலம் இருக்கிறது. இந்நாட்டின் பின்னலாடைத் தொழில் ஓர் ஊரில் தங்கியதன்று. 1893இல் கொல்கத்தாவின் கிதிர்ப்பூரில் முதல் பின்னலாலை எழுந்தது என்பர். திருப்பூரில் 1925ஆம் ஆண்டளவில் தொடங்கியது. லூதியானாவுக்குக் காஷ்மீரச் சால்வை நெசவாளர் குடியேறி வந்ததே விதை. குடிபெயர்ந்தவர்களே வளர்த்த தொழில் இது. இன்று திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் ஏராளம். சென்ற குளிர்காலத்தில் எங்களிடம் வேலைக்கு வந்த பீகார் இளைஞர் ஒருவர், நான் தொலைபேசியில் தமிழ் பேசுவதைக் கேட்டு, "அக்கா, சாப்பிட்டாச்சுங்களா?" என்று கொங்குத் தமிழில் விசாரித்தார். மூன்று ஆண்டு திருப்பூரில் இருந்தவராம். இரண்டு மூன்று மொழி தெரிந்து, வரைபடத்தை உருதும் பஞ்சாபியும் கலந்த யந்திரசாலைப் பேச்சில் விளக்கவும், அங்கே சொல்லப்படுவதைக் காது கொடுத்துக் கேட்கவும் தெரிந்த பிள்ளைக்கு இத்தொழிலில் இடமுண்டு. கேட்பதையே நான் முதலில் வைப்பேன்.

மாஸ்டர்ஜி ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் மாதிரிக்கூடத்தில் சுவரோரமாக ஒரு மரத்தட்டு இருக்கிறது. யந்திரத்திலிருந்து இறங்கும் ஒவ்வொரு மாதிரித் துண்டும், இறங்கிய தேதியும் மணியும் எழுதிய சீட்டோடு அங்கே ஒரு நாள் கிடக்கும். பிறகு நீரில் நனையும். உலர்ந்த பின்பே அளவு நாடா அதைத் தொடும். அந்தத் தட்டின் கோடியில் கருநீலச் சட்டை ஒன்று மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. நாற்பதில் ஒன்றை நான் விலைக்கு வாங்கி வைத்துக்கொண்டேன். பயிற்சிக்கு வரும் மாணவர்களிடம் முதல் நாள் அதையும் ஒரு பூதக்கண்ணாடியையும் கொடுத்து, கீழ் விளிம்பிலிருந்து தோள் வரை எத்தனை வரிசை என்று எண்ணி வரச் சொல்கிறேன். கருநீலத்தில் கண்ணிகள் எளிதில் தெரிவதில்லை. 410 என்று சரியாகச் சொல்லப் பெரும்பாலோருக்கு ஒரு முற்பகல் ஆகிறது.